எந்தப் புதுக்குடியிருப்பு என்று எழுதுங்கள்

பெடிவேர்ஸில், அதாவது தனித்தனி ஆட்கள் நடத்தினாலும் ஒன்றோடொன்று பேசும் சமூக வலைத்தளங்களில், தமிழ்க் குழுமங்கள் நடத்தும் தம்பி தங்கையருக்கும், அந்தச் சேர்வர்களைச் சொந்தக் காசில் ஓடவிட்டிருப்பவர்களுக்கும்,

வணக்கம்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், அடையாள அட்டை விண்ணப்பம், பரீட்சை முடிவு பார்த்துக் கொடுப்பது என்று நாள் போகும். கடந்த ஒரு வருடமாக இன்னொரு வேலையும் தலையில் விழுந்திருக்கிறது. நீங்கள் அனுப்பும் லிங்க் வேலை செய்யவில்லை என்று போனைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது. அதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஆகவே குறை சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

போன சிறுபோக நெற்செய்கையில் நடந்தது இது. முத்தையன்கட்டுக் குளத்தின் வலதுகரையில் வயல் செய்யும் ஒரு அண்ணை. வெளிநாட்டில் இருக்கும் மருமகன் அவருக்குப் பெடிவேர்ஸில் ஒன்றான லெம்மியில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தார். வயலில் அறக்கொட்டியான் தொடங்கிய கிழமை, உங்களில் ஒருவர் நடத்தும் விவசாயக் குழுமத்தில் அதே பூச்சியைப் பற்றி ஒரு பதிவு வந்தது. நல்ல பதிவு. குனிந்து தூரைப் பார், பூச்சி அங்கேதான் இருக்கும், தண்ணீரை வடியவிடு, யூரியாவை நிறுத்து, கண்டபடி மருந்தடித்தால் அதைத் தின்கிற சிலந்தியும் சேர்ந்து செத்துப்போகும் என்று படத்தோடு எழுதியிருந்தார்கள். மருமகன் அந்த லிங்கை வட்ஸ்அப்பில் அனுப்பினார். அண்ணை தட்டினார், பக்கம் திறந்தது, வாசித்தார். தன் வயலின் படத்தைப் போட்டு ஒரு கேள்வி கேட்கலாம் என்று அழுத்தினால் லொகின் கேட்டது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தார். பிழை. மறுபடி கொடுத்தார். பிழை. யாரோ கணக்கைக் களவெடுத்துவிட்டார்கள் என்று பயந்து, அந்தப் பக்கத்திலேயே புதிதாக ஒன்று திறக்கப் போனார். ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. "அறக்கொட்டியான்" என்று தமிழில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. மகளின் மின்னஞ்சலைக் கொடுத்து இன்னொன்று திறந்தார். அதுவும் போய்விட்டது. ஐந்தாம் நாள் என் கடைக்கு வந்தபோது வயலில் வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது.

அவருடைய கணக்கு களவு போகவேயில்லை. அது இன்னொரு சேர்வரில் பத்திரமாக இருந்தது. அங்கிருந்தபடியே உங்கள் குழுமத்தைத் திறந்து கேள்வியும் கேட்டிருக்கலாம். கடையில் அதைச் செய்து காட்ட இரண்டு நிமிடம் போனது.

வன்னியில் இதை விளக்க நான் அந்தக் காலத்துக் கூப்பன் மட்டையை, அதாவது சங்கக்கடையில் (கூட்டுறவுக் கடையில்) பங்கீட்டுச் சாமான் எடுக்கும் அட்டையைத்தான் சொல்வேன். மல்லாவிச் சங்கக்கடையில் பதிந்த மட்டையை ஒட்டுசுட்டான் சங்கக்கடையில் நீட்டினால் சாமான் தர மாட்டார்கள். மட்டை பிழையா? இல்லை. நிற்கிற இடம் பிழை. நீங்கள் போடும் முழு வலை முகவரி வாசகரை உங்கள் சங்கக்கடை வாசலில் கொண்டுபோய் விடுகிறது. அவருடைய மட்டையோ வேறிடத்தில். ஆனால் பெடிவேர்ஸின் விசேசமே உங்கள் கடைச் சாமானை அவர் தன் கடையிலேயே நின்று எடுக்கலாம் என்பதுதான். 2018 தையில், வலைக்கு விதிமுறை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அக்டிவிட்டிபப் என்ற பொது வழிமுறையைப் பரிந்துரையாக வெளியிட்டது அதற்காகத்தானே? மாஸ்டடோன், லெம்மி, எம்பின் என்ற வெவ்வேறு தளங்கள் ஒன்றோடொன்று பேசுவது அதனால்தான். அந்த வசதியை முழு முகவரி லிங்க் ஒரு தட்டில் கெடுத்துவிடுகிறது.

(சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பெடிவேர்ஸைக் 'கூட்டமைப்பு' என்று தமிழாக்க நானும் முயன்றேன். எங்கள் பக்கத்தில் அதைக் கேட்டவர்கள், எந்தக் கட்சி, தேர்தல் எப்போது என்று கேட்டார்கள். லிங்கைத் 'தொடுப்பு' என்று எழுதியும் பார்த்தேன். கடையில் இருந்த இரண்டு ஆச்சிகள் சிரித்த சிரிப்பில் அதையும் விட்டுவிட்டேன். பெடிவேர்ஸ், லிங்க், சேர்வர் என்றே எழுதுகிறேன். தமிழறிஞர்கள் பொறுக்க வேண்டும்.)

சரி, என்ன செய்ய வேண்டும்? புதுக்குடியிருப்பு என்று ஒருவர் சொன்னால் நாங்கள் எந்தப் புதுக்குடியிருப்பு என்று கேட்போம். முல்லைத்தீவில் ஒன்று இருக்கிறது, மன்னாரில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துச் சொன்னால் எந்த ஊரில் நின்று கேட்பவருக்கும் விளங்கும். உங்கள் குழுமத்துக்கும் அப்படி ஒரு விலாசம் இருக்கிறது. முதலில் ஆச்சரியக்குறி, அடுத்துக் குழுமத்தின் பெயர், அடுத்து @ குறி, கடைசியில் சேர்வரின் பெயர். நடுவில் இடைவெளி கூடாது. லெம்மியில் ஒரு பதிவிலோ பதிலிலோ இப்படி எழுதினால் அது தானாக லிங்க் ஆகிவிடும். தட்டுபவர் தன் சேர்வரிலேயே, தன் கணக்கிலேயே நின்றபடி உங்கள் குழுமத்தைக் காண்பார். மாஸ்டடோனில் இருப்பவர்களுக்கு ஆச்சரியக்குறி இருந்த இடத்தில் இன்னொரு @ போட்டுக் கொடுங்கள். அங்கே குழுமமும் ஒரு ஆளைப் போலத் தெரியும், பின்தொடரலாம். அதைக் குறிப்பிட்டு ஒரு பதிவு எழுதினால் அந்தப் பதிவு குழுமத்துக்குள் வந்துவிடும், முதல் வரி தலைப்பாகும். இது தெரியாமல் மாஸ்டடோன்காரர்கள் கதை கதையாக எழுதி, தலைப்பே ஒரு பந்தி நீளத்துக்கு வந்து நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்னக் குறிப்பை மேலே ஒட்டி வைத்தால் போதும்.

இதில் ஒரு சிக்கலையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் சொல்ல வேண்டாம். அந்த விலாசத்தை வட்ஸ்அப்பில் போட்டால் போன் அதை மின்னஞ்சல் முகவரி என்று நினைக்கிறது. தட்டினால் கடிதம் எழுதும் பக்கம் திறக்கும். எங்கள் ஆட்களுக்குச் செய்தி வருவதோ முக்கால்வாசியும் வட்ஸ்அப்பில்தான். ஆகவே அங்கே அனுப்பும்போது விலாசத்துக்குக் கீழே இன்னும் ஒரு வரி எழுதுங்கள்: "இதைக் கொப்பி எடுத்து, உங்கள் கணக்குக்குள் போய், தேடும் பெட்டியில் ஒட்டுங்கள்." கணக்குக்குள் போய் என்பதை விடாதீர்கள். வெளியே நின்று தேடினால் தன் சேர்வரில் ஏற்கெனவே இருப்பது மட்டும்தான் கிடைக்கும். லெம்மிவேர்ஸ் லிங்க் என்று ஒரு இடைத்தளமும் இருக்கிறது. உன் சேர்வர் எது என்று முதல்முறை கேட்டு உலாவியில் நினைவு வைத்துக்கொண்டு, அடுத்தமுறை நேரே வீட்டுக்கு அனுப்பிவிடும். நான் இரண்டு மூன்று பேருக்கு அதைச் செய்து கொடுத்தேன், பிழையில்லை. ஆனால் போனை மாற்றியதும் மறுபடி கடைக்கு வருகிறார்கள்.

தனிப் பதிவுகளுக்கு லிங்க் கொடுப்பது இன்னும் குழப்பம். ஒரே பதிவுக்கு ஒவ்வொரு சேர்வரிலும் ஒவ்வொரு இலக்கம். உங்கள் பக்கத்தில் அறக்கொட்டியான் பதிவுக்கு இருக்கும் இலக்கத்தை எங்கள் சேர்வரில் அடித்தால் யாரோ ஒருவருடைய பூனைப் படம் வரும். வந்தது. வேறு சேர்வரிலிருந்து வந்த பதிவுக்குக் கீழே ஐந்து புள்ளிகளைப் பல நிறக் கோடுகளால் இணைத்த சின்னப் படம் ஒன்று இருக்கும். அதன் பின்னால்தான் அந்தப் பதிவு பிறந்த வீட்டு முகவரி இருக்கிறது. அதை எடுத்துத் தன் சேர்வரின் தேடும் பெட்டியில் ஒட்டினால் அதே பதிவு தன் பக்கத்தில் வந்து நிற்கும். பதிவைப் பகிரும்போது அந்த முகவரியைக் கொடுங்கள், கூடவே குழுமத்தின் விலாசத்தையும்.

இப்போது சேர்வர் நடத்துகிறவர்களுக்கு.

உங்கள் சேர்வரில் ஒருவரும் சேராத (சந்தா எடுக்காத) வெளிக் குழுமம், உங்கள் சேர்வரில் கணக்கு வைத்திருக்கும் எங்களுக்குத் தெரியவே தெரியாது. வாய்க்கால் வெட்டியிருக்கும், துரிசு (மதகு) திறந்திருக்காது. முதல் ஆள் விலாசத்தைத் தேடி எடுத்துச் சேர்ந்த பிறகுதான் தண்ணீர் வரத் தொடங்கும். அப்போதும் அண்மைய சில பதிவுகள் வரும், அதற்கு முந்திய கருத்தும் பதிலும் எல்லாம் வந்து சேராது. சேர்ந்திருந்த கடைசி ஆளும் விலகினால் மறுபடி அடைபட்டுவிடும். புதிதாக வருகிற ஆளுக்கு இது ஒன்றும் தெரியாது. வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டு "செத்த குழுமம்" என்று போய்விடுவார். பெரிய சேர்வரில் ஆயிரம் பேரில் யாராவது திறந்திருப்பார்கள். இருபது முப்பது தமிழர் இருக்கும் சின்னச் சேர்வரில் யார் திறப்பது? அந்த முதல் சந்தாவை நீங்களே எடுத்து வையுங்கள். ஒரு பொதுக் கணக்கைத் திறந்து, தமிழில் நடக்கும் குழுமங்கள் எல்லாவற்றிலும் அதைச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. கமக்காரர் அமைப்பில் துரிசு திறக்க ஒரு ஆளைப் போடுவதில்லையா, அப்படி.

பதிவுக் கேள்வியையும் தயவுசெய்து தமிழில் வையுங்கள். போலிக் கணக்குகளைத் தடுக்கத்தான் அந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். ஆனால் அது தடுத்தது வலதுகரை அண்ணையை.

இன்னொன்று மொழித் தெரிவு. லெம்மியில் கணக்கு அமைப்பில் எந்தெந்த மொழிப் பதிவுகளைக் காட்ட வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். தமிழை மட்டும் தெரிந்துவிட்டு, மொழி குறிக்கப்படாதது என்ற வரியை விட்டால், பாதிக்கு மேல் மறைந்துபோகும், ஏனென்றால் நம் ஆட்கள் எழுதும்போது மொழியைக் குறிப்பதே இல்லை. தமிழ் மேல் பற்று அதிகமான ஒரு ரீச்சர் தமிழை மட்டும் தெரிந்துவிட்டு, இரண்டு மாதமாகத் தமிழ்க் குழுமத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெயரைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். விலாசத்தில் வரும் குழுமப் பெயரைத் தமிழ் எழுத்தில் வைக்க லெம்மி விடுவதில்லை. மாஸ்டடோனிலும் கணக்குப் பெயர் இலத்தீன் எழுத்துத்தான். தலைப்பாகக் காட்டும் பெயரைத் தமிழில் வைக்கலாம், ஆனால் தேடி எடுப்பது ஆங்கில எழுத்துப் பெயரை வைத்து. இங்கேதான் எங்களுக்கு வருகிறது வினை. வன்னியை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? நாங்கள் எழுதினால் வி-யில் தொடங்கும். தேர்தல் மாவட்டத்தின் பெயர் பல இடங்களில் டபிள்யூ-வில் தொடங்கும். முல்லைத்தீவில் எத்தனை ரி, எத்தனை எச் என்று கச்சேரிப் (மாவட்டச் செயலகப்) பலகையும் பஸ் பலகையும் கடைப் பலகையும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கிளிநொச்சிக்கு ஒரு சி-யா இரண்டா என்று என்னிடம் விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பார்கள். இப்படிப் பெயர் வைத்துவிட்டு, வாயால் சொல்லி, "தேடிப் பாருங்கோ" என்றால் எப்படித் தேடுவது? ஒரு எழுத்து மாறினால் வேறு விலாசம். ஆகவே வாயால் சொல்லாதீர்கள், எழுதியே கொடுங்கள். முடிந்தால் குழுமத்தின் அறிமுகத்தில் மற்ற எழுத்துக்கூட்டல்களையும் போட்டு வையுங்கள். ஒரே ஊரைப் பற்றி மூன்று சேர்வரில் மூன்று குழுமம் இருந்தால், ஒவ்வொன்றின் அறிமுகத்திலும் மற்ற இரண்டின் விலாசமும் இருக்கட்டும். யார் முதலில் தொடங்கியது என்ற சண்டையைக் கோவில் நிர்வாகத்தோடு விட்டுவிடுவோம்.

மூன்று குழுமம் எதற்கு, எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் என்ன என்று சிலர் கேட்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் கட்சி. 2018 பங்குனியில் கண்டிக் கலவரத்தோடு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் அரசாங்கம் மறித்தது. 2019 சித்திரையில் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு மறுபடி. 2022 சித்திரையில் போராட்டம் தொடங்கியபோது ஒருமுறை. ஒவ்வொரு முறையும் என் கடையில் வெளிநாட்டுக்கு ஐ.டி.டி. அழைப்பு எடுக்க ஆட்கள் வந்து நின்றார்கள். ஊருக்கு ஒரே ஒரு கதவு இருந்தால் அதை ஒருவர் பூட்டுவார். பல கதவு இருக்கட்டும். ஆனால் ஒரு கதவில் நிற்பவருக்கு மற்றக் கதவு எங்கே என்று தெரிய வேண்டும்.

சேர்வர்களும் சாகின்றன. 2023 ஆடியில் மாலி நாடு எம்.எல். என்று முடியும் தன் வலை முகவரிகளைத் திரும்ப எடுத்தபோது எப்.எம்.எச்.ஒய். என்ற லெம்மி சேர்வர் பெயரையே இழந்தது. லெம்.ஈ என்ற பெரிய சேர்வர் 2025 ஆனி (ஜூன்) முடிவோடு மூடப்பட்டது. நடத்தியவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் மூடினார்கள், அது நல்ல பண்பு. ஆனாலும் அந்தப் பெயரோடு இருந்த லிங்க் எல்லாம் ஒரே நாளில் பொட்டல். சேர்வர் உயிரோடு இருந்தாலும் சண்டை வரலாம். 2023 ஆனியில் பீஹாவ் சேர்வர், பெருகி வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று லெம்மி வேர்ல்டு என்ற பெரிய சேர்வருடனான தொடர்பையே துண்டித்தது. அப்படித் துண்டித்தால் விலாசம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அடுத்த பக்கத்துக்குப் புதுப் பதிவு போகாது. இதற்கு உங்களிடம் மருந்து இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு சேர்வரைத் துண்டிக்கும் முன், அங்கே எத்தனை தமிழ்க் குழுமம் இருக்கிறது என்று பார்த்து, அவற்றில் இருப்பவர்களுக்கு ஒரு கிழமை அவகாசம் கொடுங்கள். இடம்பெயரும்போது கையில் எடுக்க என்ன இருக்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்காமல் போனவர்கள் நாங்கள். அந்த ஒரு கிழமையின் அருமை எங்களுக்குத் தெரியும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பீர்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. முத்தையன்கட்டுப் பக்கமும் மழை. கிளிநொச்சியில் எந்த வீதியில் தண்ணீர் என்று என் தங்கைக்குச் சொன்னது பக்கத்து ஊரல்ல, ரொறன்ரோவில் இருந்த மச்சாள். பக்கத்து ஊர்க்காரர் வேறொரு குறூப்பில் எழுதியிருக்கிறார், மச்சாள் அதை அங்கிருந்து பார்த்துவிட்டு எங்களுக்கு அழைத்தாள். அப்போது பெடிவேர்ஸ் எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும், ஆனால் நிலைமை அவ்வளவாக மாறவில்லை. முல்லைத்தீவுக் குழுமம் ஒரு சேர்வரில், கிளிநொச்சிக் குழுமம் இன்னொன்றில், இரண்டுக்கும் நடுவில் முழு வலை முகவரிகள். அடுத்த மார்கழிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. மழை தொடங்கிய பிறகு எனக்கு கடையில் கரண்ட் இருக்காது, உங்களுக்கு விளக்கம் சொல்லவும் முடியாது.

கடைச் சுவரில் ஒரு மட்டையைத் தொங்கவிட்டிருக்கிறேன். அதில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குழுமங்களின் விலாசங்களைக் கறுப்பு மார்க்கரால் எழுதியிருக்கிறேன், ஆச்சரியக்குறியிலிருந்து சேர்வர் பெயர் வரை. ஆட்கள் அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இடது பக்கம் இன்னும் காலியாக இருக்கிறது. உங்கள் குழுமத்தின் விலாசத்தைச் சரியான எழுத்துக்கூட்டலோடு உங்கள் பக்கத்தின் உச்சியில் ஒட்டி வைத்தால் நானே வந்து பார்த்து எழுதிக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டான் பக்கத்துக் கொமினிக்கேசன் கடைக்காரி

பி.கு.: போன சிறுபோகத்தில் ஒரே ஆள் இரண்டு போலிக் கணக்கு திறந்தார் என்று விவசாயக் குழுமத்தில் தடை போட்டீர்களே, அது அந்த வலதுகரை அண்ணைதான். அவற்றைத் திறந்துவிடத் தேவையில்லை, இப்போது சொந்தக் கணக்கிலேயே வருகிறார். அவர் கேட்ட கேள்வி மூன்று கிழமையாகப் பதில் இல்லாமல் கிடக்கிறது. அறக்கொட்டியான் விழுந்த வயலில் காலபோகத்துக்கு ஆட்டக்காரி நெல்லையே விதைக்கலாமா, இல்லை இனத்தை மாற்ற வேண்டுமா? தெரிந்தவர் யாராவது எழுதுங்கள். விதைநெல் எடுக்க வேண்டும் என்று நேற்றும் வந்து கேட்டுவிட்டுப் போனார்.